ரெண்டு பேருக்கு ஒரே பேர்: ஸ்னோஃப்ளேக்கில் யாருக்கு எந்தச் சாவி?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு தப்பிலிருந்து தொடங்குறேன். என்னோட தப்பு.

ஜனவரி முதல் வாரம், கோடியக்கரை. சதுப்பு நிலத்து ஓரமா பைனாகுலரோட நின்னுட்டிருந்தேன். எதிர்ல வலசை வந்த உள்ளான் கூட்டம். அப்போ ஆபீஸ்லேர்ந்து போன். "காலாண்டு ரிப்போர்ட் ஓடிட்டிருந்தது, பாதியில நின்னுடுச்சு. ஃபைனான்ஸ்ல ஒருத்தரோட ஸ்னோஃப்ளேக் அக்கவுன்ட்டை நம்ம சிஸ்டமே மூடிடுச்சு."

மூட வேண்டியது வேற ஒருத்தரோடது. அவர் முந்தின நாள்தான் வேலையை விட்டுப் போனவர். ரெண்டு பேருக்கும் ஒரே பெயர், ஒரே இனிஷியல். உள்ளே இருக்கிறவரை வெளியே தள்ளிட்டு, வெளியே போனவருக்குக் கதவைத் திறந்து வச்சிருந்தோம்.

எதை எதோடு இணைக்கிறோம்?

ஸ்னோஃப்ளேக் ஒரு கிளவுட் டேட்டா தளம். விற்பனை, சம்பளம், வாடிக்கையாளர் விவரம்னு கம்பெனியோட மொத்த டேட்டாவும் அங்கே குவியும். செயில்பாயின்ட் மாதிரியான கருவிகள் கேக்குற கேள்வி வேற: யாருக்கு எந்த அனுமதி இருக்கு, யார் கொடுத்தா, இன்னும் அது தேவையா? இதைத்தான் அடையாள ஆளுகைன்னு சொல்றோம். ஒருத்தர் வேலைக்குச் சேரும்போது அனுமதி கொடுக்கணும், துறை மாறும்போது மாத்தணும், போகும்போது எடுக்கணும். மூணாவதுதான் எப்பவும் மறந்துபோகும்.

மறந்தா என்ன ஆகும்? 2024 ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும் நடந்ததைப் பாருங்க. ஸ்னோஃப்ளேக் பயன்படுத்துற நிறுவனங்களோட கணக்குகளுக்குள்ளே ஒரு கும்பல் நுழைஞ்சது. பாதிக்கப்பட்டிருக்கலாம்னு எச்சரிக்கை போன நிறுவனங்கள் சுமார் 165. ஸ்னோஃப்ளேக்கோட சொந்த சிஸ்டம் உடைக்கப்படலைன்னு விசாரணை செஞ்ச மாண்டியன்ட் சொன்னது. கும்பல் கையில இருந்தது திருட்டு பாஸ்வேர்டுகள். யாரோ ஒருத்தரோட கம்ப்யூட்டர்ல புகுந்த மால்வேர் திருடினவை. அதுல சிலது 2020ஆம் வருஷத்துது. அத்தனை வருஷமா யாரும் மாத்தலை. நுழைஞ்ச கணக்குகள்ல எம்.எஃப்.ஏ.வும் இல்லை. பூட்டை யாரும் உடைக்கலை, பழைய சாவி வேலை செஞ்சது, அவ்வளவுதான்.

கருவிக்கு எந்தச் சாவி கொடுக்கிறது?

இணைக்கும்போது ஆளுகைக் கருவிக்கே ஸ்னோஃப்ளேக்ல ஒரு கணக்கு வேணும். அவசரத்துல எல்லாரும் அக்கவுன்ட்அட்மின் ரோலைத் தூக்கிக் கொடுத்துடுவாங்க. அது வீட்டுக் கொத்துச்சாவியை வாட்ச்மேன்கிட்ட கொடுக்கிற மாதிரி. தனியா ஒரு ரோல் உருவாக்குங்க. கணக்கோட வகையை 'சர்வீஸ்'னு வைங்க. அந்த வகைக் கணக்கு பாஸ்வேர்டு வச்சு உள்ளே வர முடியாது, கீ-பேர் மாதிரி வழிதான். கருவியோட ஐ.பி. முகவரியிலிருந்து மட்டும் அனுமதிக்கிற நெட்வொர்க் பாலிசியும் போடுங்க.

இதுல ஒரு நுணுக்கம். ஒரு யூசரை மூடணும்னா அந்த யூசர் மேல ஓனர்ஷிப் வேணும். எஸ்.சி.ஐ.எம். வழியா கருவியே உருவாக்கின யூசர்கள் அதோட ரோலுக்குச் சொந்தம். ஆனா இணைப்புக்கு முன்னாடி யாரோ கையால உருவாக்கின பழைய யூசர்கள்? அவங்க ஓனர்ஷிப்பை மாத்தலேன்னா, மூடச் சொல்லி உத்தரவு போகும், மூடாது. இன்னொண்ணு: எஸ்.சி.ஐ.எம். டோக்கன் ஆறு மாசத்துல காலாவதியாகும். காலண்டர்ல இப்பவே குறிச்சு வைங்க.

முதல்ல படிக்க மட்டும்

இணைச்ச அன்னைக்கே எழுதுற அதிகாரத்தைத் திறக்காதீங்க. யூசர்கள், ரோல்கள், எந்த ரோலுக்குள்ளே எந்த ரோல்னு முதல்ல படிக்கட்டும். அக்கவுன்ட் யூசேஜ் வியூக்கள்லேர்ந்து படிச்சா, தகவல் வந்துசேர ரெண்டு மணி நேரம் வரைக்கும் ஆகலாம். இப்போ மூடினதை அடுத்த நிமிஷமே அங்கே தேடிட்டு "மூடலையே"ன்னு பதறாதீங்க.

ரோலுக்குள்ளே ரோல் இருக்கிறது மேனேஜருக்குத் தெரியணும். ஆறு மாசத்துக்கு ஒருமுறை "இந்த அனுமதி இவருக்கு வேணுமா?"ன்னு அவர்கிட்ட கேக்கிறோம். திரையில புரியாத சுருக்கெழுத்துல ஒரு ரோல் பெயர் மட்டும் தெரிஞ்சா, கண்ணை மூடிட்டு 'சரி'ன்னு அழுத்துவார். அதுக்குப் பதிலா "இந்த ரோல் இருந்தா எல்லா ஊழியர்களோட சம்பளத்தையும் பார்க்கலாம்"னு எழுதிப் பாருங்க. ஒரு நிமிஷம் யோசிப்பார்.

இப்போ என் தப்பு

ஸ்னோஃப்ளேக் கணக்கையும் எச்.ஆர். பதிவையும் எதை வச்சுப் பொருத்துறதுங்கிற விதியை எழுதினது நான். முதல்ல மின்னஞ்சல், அது காலியா இருந்தா பெயர். நம்ம ஊர்ப் பெயர்களைத்தான் யோசிக்கலை. எஸ். கார்த்திக், கார்த்திக் எஸ், கார்த்திக் சுப்பிரமணியன்: மூணும் ஒரே ஆளா இருக்கலாம், மூணு ஆளாவும் இருக்கலாம். இனிஷியல் சிஸ்டம் நமக்குப் பெருமை, டேட்டாபேஸுக்குத் தலைவலி.

பழைய கணக்குகள்ல மின்னஞ்சல் காலி. அதனால விதி பெயருக்குத் தாவிச்சு, தப்பான ஆளைப் பிடிச்சது. ஸ்னோஃப்ளேக்ல யூசரை மூடினா, அவர் ஓட்டிட்டிருக்கிற குவெரியும் அறுந்துபோகும். ரிப்போர்ட் நின்னது அதனாலதான்.

போனவரோட எஸ்.எஸ்.ஓ.வை மூடியாச்சேன்னு நீங்க கேக்கலாம். மூடியாச்சு. ஆனா எஸ்.எஸ்.ஓ. வர்றதுக்கு முன்னாடி ஸ்னோஃப்ளேக்லயே வச்ச ஒரு பாஸ்வேர்டு அவர் கணக்குல உயிரோட இருந்தது. லாகின் ஹிஸ்டரியைப் பார்த்தோம். அவர் போனதுக்கப்புறம் யாரும் உள்ளே வரலை. தப்பிச்சோம். ஆனா அதுல எங்க சாமர்த்தியம் எதுவும் இல்லை.

காலில் ஒரு வளையம்

கோடியக்கரையில பி.என்.எச்.எஸ். பல பத்தாண்டுகளா பறவைகளுக்கு வளையம் போடுது. ஒரு கொசு உள்ளானையும் பக்கத்துக் கொசு உள்ளானையும் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியுமா? ஆயிரக்கணக்குல ஒரே மாதிரி. அதனால காலில் எண் பொறிச்ச ஒரு சின்ன வளையம். அந்த எண் வேற எந்தப் பறவைக்கும் கிடையாது. எங்கே, எப்போ வளையம் போட்டாங்கன்னு பதிவேட்டுல இருக்கும். வேற தேசத்துல யாராவது அந்தப் பறவையைப் பிடிச்சாலும், எண்ணை வச்சு இது அதுதான்னு சொல்லலாம்.

ஊழியர் எண்தான் நம்ம வளையம். பெயர் மாறும், கல்யாணத்துக்கப்புறம் மின்னஞ்சல் மாறும். அந்த எண் மாறாது, இன்னொருத்தருக்குப் போகவும் கூடாது. விதியை அன்னைக்கு ராத்திரியே மாத்தினேன். எண் பொருந்தாத கணக்கைக் கருவி தானா ஊகிக்காது. ஒரு மனுஷன் பார்க்கிற பட்டியல்ல போட்டுடும். முதல் ஓட்டத்துல அந்தப் பட்டியல் நான் நினைச்சதை விட நீளமா இருந்தது.

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்க. உங்க ஸ்னோஃப்ளேக்ல பாஸ்வேர்டு இன்னும் உயிரோட இருக்கிற யூசர்கள் பட்டியலை எடுத்து, அதுல எத்தனை பேர் இன்னும் கம்பெனியில இருக்காங்கன்னு எச்.ஆர். பட்டியலோட ஒப்பிட்டுப் பாருங்க. என்ன கிடைச்சதுன்னு எனக்கும் சொல்லுங்க. பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.