ஸ்டேரிங் நடுங்குகிறதா? பேலன்சிங் இயந்திரம் காட்டும் எண்ணைப் புரிந்துகொள்வோம்

ஈப்போ – சுங்கை சிப்புட்டிலோ கம்பாரிலோ புறப்படும்போது கார் ஒழுங்காகத்தான் ஓடும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி, வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஸ்டேரிங் கையில் நடுங்கத் தொடங்கும். ‘ரோடு சரியில்லை’ என்று சிலர் விட்டுவிடுவார்கள். சிலர் பட்டறைக்குப் போய் நான்கு சக்கரங்களுக்கும் பேலன்சிங் செய்வார்கள். அப்படியும் நடுக்கம் நிற்காமல், மறுபடியும் காசு கொடுத்து வேறு பட்டறைக்கு அலைபவர்களும் உண்டு.

பேலன்சிங் இயந்திரம் இன்று கணினிமயமாகிவிட்டது. ஆனாலும் அது காட்டும் எண் சரியா தவறா என்பது அதை இயக்குபவரின் கையில்தான் இருக்கிறது. இந்த வேலையைத் தெரிந்துகொள்வது கார் வைத்திருப்பவருக்கும் நல்லது, பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் இளைஞருக்கும் நல்லது.

காண்டா வாளிக் கணக்கு

பால்மரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் காண்டா வாளி நினைவிருக்கும். தோளில் ஒரு கம்பு, இரு முனையிலும் பால் வாளி. ஒரு வாளியில் பால் கூடினால் கம்பு அந்தப் பக்கம் சாயும். இரண்டிலும் ஒரே அளவு பால் இருந்தாலும், ஒன்று முன்னே ஆடி மற்றது பின்னே ஆடினால் தோள் முறுக்கிக்கொள்ளும்.

சக்கரத்திலும் இதே இரண்டு குறைகள் வருகின்றன. டயரின் ஓரிடத்தில் கனம் கூடினால் சக்கரம் மேலும் கீழும் குதிக்கும். இது நிலைச் சமநிலைக் குறை. உட்பக்க விளிம்பில் ஓரிடத்திலும், வெளிப்பக்க விளிம்பில் அதற்கு நேர் எதிரிலும் கனம் கூடியிருந்தால் சக்கரம் இடவலமாக அசையும். இது சுழல் சமநிலைக் குறை. சக்கரத்தைப் படுக்க வைத்து நீர்க்குமிழ் பார்த்த பழைய கருவி முதல் குறையை மட்டுமே காட்டும். கணினி இயந்திரம் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

20 கிராம் 4 கிலோ ஆகும்

இருபது கிராம் என்ன பெரிய கனம் என்று தோன்றலாம். 14 அங்குல ரிம்மில் 175/65 அளவு டயர் போட்ட சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் அதன் சக்கரம் ஒரு வினாடிக்குப் பதினாறு, பதினேழு முறை சுற்றுகிறது. அப்போது ரிம் விளிம்பில் கூடியிருக்கும் 20 கிராம், சக்கரத்தை ஏறக்குறைய 4 கிலோ எடைக்குச் சமமான விசையில் வெளியே இழுக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இழுப்பு.

வேகம் பாதியானால் இந்த விசை கால்வாசியாகிவிடும். 55 கிலோமீட்டரில் அது 1 கிலோதான். தோட்டத்துச் சாலையிலும் பட்டண நெரிசலிலும் தெரியாத நடுக்கம் நெடுஞ்சாலையில் தெரிவது இதனால்தான். நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் டயர் திட்டுத்திட்டாகத் தேயும். பேரிங், பால் ஜாயின்ட் போன்ற பாகங்களும் சீக்கிரம் தளரும்.

இயந்திரம் கண்டுபிடிக்கும் விதம்

இயந்திரத்தின் தண்டில் சக்கரம் சுழலும்போது, கனம் கூடிய இடம் தண்டை அசைக்கிறது. தண்டைத் தாங்கும் பகுதியில் உள்ள இரண்டு உணரிகள் அந்த அசைவின் விசையை அளக்கின்றன. சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை இன்னொரு உணரி கவனிக்கிறது. இந்தத் தகவல்களிலிருந்து, உள்விளிம்பில் எத்தனை கிராம், வெளிவிளிம்பில் எத்தனை கிராம், எந்த இடத்தில் சேர்க்க வேண்டும் என்று கணினி கணக்கிடுகிறது.

அந்தக் கணக்குக்கு ரிம்மின் அளவு தெரிய வேண்டும். அதைக் கொடுப்பவர் மனிதர். தவறான அளவு கொடுத்தால் தவறான விடைதான் வரும்.

வேலை நடக்கும் வரிசை

முதலில் சுத்தம். டயர் பள்ளங்களில் சிக்கிய கற்களை எடுக்க வேண்டும். ரிம்மின் உட்பக்கம் ஒட்டிய சேற்றைச் சுரண்ட வேண்டும். பழைய எடைக் கட்டிகளைக் கழற்ற வேண்டும், காற்றழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். செம்பனைத் தோட்டங்களின் மண் சாலையில் ஓடும் கார்களுக்கு இது மிக முக்கியம். மழைக்குப் பிறகு ரிம்முக்குள் காய்ந்து ஒட்டிய செம்மண்ணே நடுக்கத்துக்குக் காரணமாக இருப்பதுண்டு. அதைக் கழுவினாலே சில கார்களில் நடுக்கம் நின்றுவிடும்.

இரண்டாவது, சக்கரத்தைத் தண்டில் ஏற்றுவது. ரிம்மின் நடுத் துளைக்குப் பொருந்தும் கூம்பைத் தேர்ந்தெடுத்து, பெரும்பாலான கார் சக்கரங்களுக்கு உட்பக்கத்திலிருந்து பொருத்த வேண்டும். பிறகு சக்கரத்தை மெல்லச் சுழற்றிக்கொண்டே பிடிமரையை இறுக்க வேண்டும். பெரும்பாலான தவறு நடப்பது இங்கேதான். டயரோடு சேர்ந்து சுமார் 15 கிலோ எடையுள்ள சக்கரம், மையத்திலிருந்து 0.2 மில்லிமீட்டர் விலகி உட்கார்ந்தாலே போதும், இயந்திரம் ஏறக்குறைய 17 கிராம் பொய்க் கணக்கு காட்டும். கூம்பில் ஒட்டிய துருவோ மண்ணோ அந்த விலகலை உண்டாக்கிவிடும்.

மூன்றாவது, அளவு கொடுப்பது. இயந்திரத்திலிருந்து ரிம்மின் உள்விளிம்பு வரை உள்ள தூரம், ரிம்மின் அகலம், ரிம்மின் விட்டம் ஆகிய மூன்றும் வேண்டும். தூரத்தை இயந்திரத்திலுள்ள இழுகோலை இழுத்துப் பார்க்கலாம். அகலத்தைக் கவராயம் போன்ற அளவுகோலால் ரிம்மில் நேராக அளக்க வேண்டும். டயரில் அச்சிட்டிருக்கும் 175 அல்லது 185 டயரின் அகலம், ரிம்மின் அகலமல்ல. விட்டம் டயரின் பக்கவாட்டிலேயே இருக்கும். 14 அங்குல ரிம்முக்கு 15 என்று அழுத்திவிட்டால் இயந்திரம் தேவைக்குக் குறைவான எடையைக் காட்டும். புதிய இயந்திரங்கள் சில அளவுகளைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. ஆனாலும் திரையில் வந்த அளவு சரிதானா என்று ஒருமுறை பார்ப்பதே பாதுகாப்பு.

நான்காவது, எந்த முறையில் கட்டி போடுவது என்று தேர்ந்தெடுப்பது. சாதாரண இரும்பு ரிம்முக்கு இரு விளிம்பிலும் அடித்துப் பொருத்தும் கட்டி. ஸ்போர்ட் ரிம்முக்கு உட்பக்கத்தில் ஒட்டும் கட்டி. இரண்டுக்கும் கட்டி உட்காரும் இடம் வேறு, அதனால் கணக்கும் வேறு. ஒட்டும் கட்டியைப் போடப் போகிறவர் இயந்திரத்தையும் அந்த முறைக்கு மாற்றியிருக்க வேண்டும்.

ஐந்தாவது, மூடியை இறக்கிச் சுழல விடுவது. சில வினாடிகளில் சக்கரம் நின்றுவிடும். திரையில் இடப்பக்கம் உள்விளிம்புக்கான எடையும் வலப்பக்கம் வெளிவிளிம்புக்கான எடையும் தெரியும். சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பினால், ஓரிடத்தில் அந்தப் பக்கத்து விளக்குகள் எல்லாம் எரியும். அடித்துப் பொருத்தும் கட்டியை அப்போது உச்சியில், கடிகாரத்தின் 12 மணி இருக்கும் இடத்தில் பொருத்த வேண்டும். 60 கிராம் கட்டி 3 சென்டிமீட்டர் தள்ளிப் போனால், 14 அங்குல ரிம்மில் 10 கிராம் பிழை மிஞ்சிவிடும். ஒட்டும் கட்டி என்றால் ஒட்டும் இடத்தைத் துடைத்து, எண்ணெய்ப் பசையும் ஈரமும் போக்கிய பிறகே ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் சில நாளில் விழுந்துவிடும்.

சுழியம் வந்தால் போதுமா?

கட்டி போட்ட பிறகு மறுபடியும் சுழற்றிப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் சுழியம் வந்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பல இயந்திரங்கள் 5 கிராமுக்குக் குறைவான மிச்சத்தைச் சுழியமாகவே காட்டும்படி அமைக்கப்பட்டவை. மிச்சத்தைத் துல்லியமாகப் பார்க்கத் தனிப் பொத்தான் உண்டு.

இதைவிட முக்கியமான சோதனை ஒன்று இருக்கிறது. சுழியம் வந்ததும் பிடிமரையைத் தளர்த்தி, சக்கரத்தை அரைச் சுற்று திருப்பி, மறுபடியும் இறுக்கிச் சுழற்ற வேண்டும். அப்போதும் சுழியத்துக்குப் பக்கத்தில் வந்தால் வேலை உண்மை. 30 கிராம், 35 கிராம் என்று வந்தால் சக்கரம் மையத்தில் உட்காரவில்லை, முதலில் வந்த சுழியம் பொய் என்று அர்த்தம். மையம் விலகியதால் வரும் பிழை இந்தச் சோதனையில் இரட்டிப்பாகிக் காட்டிக்கொடுத்துவிடும். இதற்குச் சில நிமிடமே ஆகும். பேலன்சிங் செய்த பிறகும் நடுக்கம் நிற்காத வாடிக்கையாளர் இந்தச் சோதனையைச் செய்து காட்டும்படி தாராளமாகக் கேட்கலாம்.

ஒவ்வொரு சுழற்சியிலும் 5 கிராம், 10 கிராம் என்று எண் மாறிக்கொண்டே இருந்தால் கட்டிக்கு மேல் கட்டி போடக்கூடாது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கூம்பையும் கொடுத்த அளவையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். ஒரே விளிம்பில் 60 கிராமுக்கு மேல் கேட்டால், டயரில் காற்றை இறக்கி, ரிம்மில் அரைச் சுற்று திருப்பிப் போட்டுப் பார்ப்பது நல்லது. புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் கனம் குறைந்த இடம். அதைக் காற்று வால்வுக்கு நேராக வைத்தால் கட்டியின் தேவை குறையும்.

இயந்திரத்துக்கும் அவ்வப்போது சோதனை வேண்டும். எடை தெரிந்த ஒரு கட்டியைப் பொருத்தி, தயாரிப்பாளர் கையேட்டில் சொன்னபடி அளவீட்டைச் சரிசெய்ய வேண்டும். ஆட்டம் கொடுக்கும் தரையில் நிற்கும் இயந்திரம் தன் ஆட்டத்தையும் சேர்த்தே அளக்கும்.

பேலன்சிங்கால் தீராதவை

கார் ஒரு பக்கமாக இழுத்தால், டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால், அது அலைன்மென்ட் வேலை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். குழியில் இறங்கிய பிறகு தொடங்கிய நடுக்கமென்றால் ரிம் வளைந்திருக்கலாம். டயரில் புடைப்பு தெரிந்தால் எந்தக் கட்டியும் உதவாது, டயரையே மாற்ற வேண்டும். சக்கரம் இயந்திரத்தில் சுழலும்போது அதன் விளிம்பைக் கண்ணால் கவனித்தாலே வளைவும் புடைப்பும் தெரிந்துவிடும்.

பொதுவாக ஸ்டேரிங் நடுங்கினால் முன் சக்கரங்களையும், இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரங்களையும் முதலில் சந்தேகிக்கலாம். புது டயர் போடும்போதும், பங்சர் ஒட்டக் கழற்றும்போதும், சக்கரங்களை இடம் மாற்றும்போதும் பேலன்சிங் செய்வது வழக்கம்.

கையும் உடலும் பத்திரம்

மூடி திறந்திருக்கும்போது சக்கரத்தைச் சுழல விடக்கூடாது. பள்ளத்தில் சிக்கிய கல்லோ சரியாகப் பொருந்தாத கட்டியோ தெறித்தால் கண்ணைப் பறித்துவிடும். கைச்சங்கிலி, தொங்கும் சட்டை, கழுத்தில் துண்டு எதுவும் ஆகாது. பட்டறைகளில் ‘தீமா’ என்று அழைக்கப்படும் கட்டிகளில் ஈயத்தால் ஆனவையும் உண்டு. ஈயம் உடலுக்குக் கேடு. ஐரோப்பிய ஒன்றியம் கார்களுக்கு ஈயக் கட்டி போடுவதை 2005-ஆம் ஆண்டோடு நிறுத்தியது. துத்தநாகம், எஃகு ஆகியவற்றாலான கட்டிகளும் சந்தையில் இருக்கின்றன. எதைத் தொட்டாலும், சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுவது அவசியம்.

அனுபவத்துக்கும் சான்றிதழ் உண்டு

பேராக் மாநிலத்துக்கும் டயருக்கும் உள்ள உறவு பழையது. 1877-ஆம் ஆண்டில் கோல கங்சாரில் நடப்பட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அதற்குப் பின் பெருகிய தோட்டங்களில் தமிழர்கள் சீவிய பால்தான் உலகத்துச் சக்கரங்களை ஓட வைத்தது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் பட்டறைகளில் வேலை பழகுகிறார்கள். கைவேலை நன்றாகத் தெரிந்தும், கையில் தாள் இல்லாததால் பல வருடம் ‘உதவியாள்’ என்ற பெயரிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை, எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. பயிற்சிக் கழகத்தில் படித்துப் பெறுவது ஒரு வழி. பிபிடி எனப்படும் முன் அனுபவ அங்கீகார முறை இன்னொரு வழி. ஏற்கெனவே வேலை செய்து வருபவர் தம் அனுபவத்தை ஆதாரங்களோடு காட்டி, மதிப்பீட்டில் தேறினால் சான்றிதழ் பெறலாம். செய்த வேலைகளின் படங்கள், முதலாளியின் உறுதிக் கடிதம், பணிக் குறிப்புகள் ஆகியவற்றை இன்றே சேர்த்து வைக்கத் தொடங்குவது நல்லது.

பேலன்சிங் இயந்திரம் பார்க்கப் பெரிதாக இருந்தாலும் அது கேட்பது மூன்றே: சுத்தமான சக்கரம், சரியான மையம், சரியான அளவு. இந்த மூன்றையும் பழகிக்கொண்ட இளைஞரின் கை பட்ட கார், மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டும்போதும் நடுங்காது. அந்தக் காரில் போவது ஒரு குடும்பம் என்பதை மறக்காமல் வேலை செய்பவரைத் தேடி வாடிக்கையாளர்கள் தாமாகவே வருவார்கள்.