கோவிந்தாபுரத்தைக் கொட்டை எழுத்தில் போட்டால்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குப் போகும் வழியில் கேரளத்தின் வாசல், கோவிந்தாபுரம். போர்டு எழுத இதைவிட நல்ல ஊர்ப்பெயர் கிடைக்குமா! அதை 'நோட்டோ செரிஃப் தமிழ்' எழுத்துருவில், அதுவும் 'பிளாக்' என்னும் மிகத் தடித்த எடையில் அடித்துப் பாருங்கள். எடை எண் 900; அதற்குமேல் அதில் கிடையாது. அடடா, என்ன மிடுக்கு!

ஆங்கில செரிஃப் எழுத்தின் கோட்டு நுனிகளுக்குப் பாதம் உண்டு. தமிழுக்கு மிடுக்கு தருவது கோடு தடித்து மெலியும் விதம்தான். மெலியாமல் எல்லாக் கோட்டையும் ஒரே பருமனாக்கினால் ண, இ, ஐ எல்லாம் வயிறு அடைத்து மைப்பொட்டாகிவிடும். கனம் கூடக் கூட உள்ளே வெளிச்சமும் விடவேண்டும். வரைபவரின் தலைவலி முழுக்க அங்கேதான். 'தா'வின் காலும் 'ர'வும் வேறு இரட்டைப் பிள்ளைகள்! அடியிலுள்ள சின்னச் சாய்வுக்கோடு தடிப்பில் மங்கினால் எது எது என்று யார் சொல்வது?

இப்போது மேடைக்குப் பின்னால் வாருங்கள். 'கோ' என்று தட்டினால் கணினிக்குள் போவது இரண்டே குறிகள்: ககரம், ஓகாரக் குறி. திரைக்கு வரும் நொடியில் ஓகாரக் குறி பிளந்து, இரட்டைக்கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் ஓடி நிற்கின்றன! மலையாளத்திலும் இதே வித்தைதான். ஆனால் 'ந்தா'வின் இரு மெய்களையும் அங்கே ஒரே கூட்டெழுத்தாக ஒட்டிவிடுவார்கள். கடைசி மகரத்துக்குத் தலையில் புள்ளி கிடையாது. ஒரு குட்டி வட்டம், அவ்வளவே. (எனக்கு அந்த வட்டத்தின் மேல் கொஞ்சம் பொறாமை.) நோட்டோ செரிஃபில் மலையாளமும் ஆங்கிலமும் இதே 900 எடையில் உண்டு. மூன்று லிபியில் பலகை எழுதும் எல்லை ஊருக்கு வேறென்ன வேண்டும்?

பக்கத்து முதலமடையின் மாம்பழப் பெட்டி, திருவிழா வளைவு, நூலட்டை, பத்திரிகைத் தலைப்பு: இங்கெல்லாம் இந்த 'பிளாக்'கை இறக்கிவிடுங்கள். ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. 'வி'யின் கொண்டை மேலே எழும்பும், 'பு'வின் வால் கீழே தொங்கும். ஆகவே வரி இடைவெளியில் கஞ்சத்தனம் கூடாது. விலைப்பட்டியலுக்கும் முகவரிக்கும் இதை வைப்பது அநியாயம்! அதற்கு இதே குடும்பத்தின் 'ரெகுலர்' இருக்கிறது.

கூகுள் வெளியிட்ட எழுத்துரு இது. திறந்த உரிமம்; கடை போர்டுக்கும் காசு கிடையாது.