வீட்டுக் கணனிகளுக்கிடையே கோப்புப் பகிர்வு

ஒரே வீட்டில் இரண்டு மூன்று கணனிகள் இருப்பது இன்று புதுமையன்று. ஆயினும், ஒன்றிலுள்ள கோப்பு மற்றதற்குத் தேவைப்படும்போது எம்மிற் பலர் அதனை மின்னஞ்சலில் அனுப்புகின்றோம். அடுத்த அறைக்குப் போகவேண்டியது, தொலைவிலுள்ள சேவையகம் வரை சென்று திரும்புகின்றது. வேறு சிலர் பென் டிரைவில் பிரதி எடுப்பர். நாளடைவில் ஒரே கணக்குக்கு மூன்று பிரதிகள் உருவாகி, இறுதியாகத் திருத்தப்பட்டது எது என்ற குழப்பம் எழுகின்றது.

வலையமைப்பு வழியான கோப்புப் பகிர்வு இதற்குத் தீர்வாகும். இதற்கு இணையத் தொடர்பு வேண்டியதில்லை. றவுட்டர் இயங்கினாற் போதும். அது ஒவ்வொரு கணனிக்கும் 192.168.1.10 போன்ற இலக்கம் ஒன்றை வழங்கும். வீட்டுக்கு வீடு கதவிலக்கம் இருப்பது போல, இவ்விலக்கத்தைக் கொண்டே கணனிகள் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன.

கண்டுகொண்டால் மட்டும் போதாது. பேசுவதற்குப் பொதுமொழியும் வேண்டும். வின்டோஸ் கணனிகளின் பொதுமொழி எஸ்.எம்.பி. என்பதாகும். 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் இது உருவானது. 1992இல் அவுஸ்திரேலியரான அன்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடக்கிய சம்பா என்னும் இலவச மென்பொருளால், யுனிக்ஸ், லினக்ஸ் கணனிகளும் இம்மொழியில் பேசக் கற்றன.

பகிர்வின்போது நடப்பது இதுதான். கோப்பை வைத்திருக்கும் கணனியிடம் மற்றைய கணனி விண்ணப்பிக்கின்றது. முன்னது பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்து, அவருக்குள்ள அனுமதி எது என்று பார்த்த பின்னரே கோப்பைத் திறந்துவிடுகின்றது. கோப்பு தன் இடத்திலேயே இருக்கின்றது. ஒருவர் திருத்தும் வேளையில் மற்றவர் அதில் எழுதாதவாறு பூட்டிவைக்கவும் வழியுண்டு.

அனுமதியில் இருவகை உண்டு: வாசிக்க மட்டும் அனுமதிப்பது ஒன்று, மாற்றவும் அழிக்கவும் அனுமதிப்பது மற்றொன்று. வசதி கருதி எல்லோருக்கும் இரண்டாவதை வழங்கிவிடுவதே பெருந்தவறு. ஒரு கணனியில் புகும் நச்சுநிரல், அக்கணனிக்கு மாற்றும் உரிமையுள்ள பிற கணனிகளின் கோப்புகளையும் பூட்டிவிடக்கூடும்.

இம்மொழியில் உள்ள குறைபாடுகளும் ஆபத்தானவை. 2017 மே 12இல் பரவத் தொடங்கிய வன்னாகிறை நச்சுநிரல், எஸ்.எம்.பி.யின் முதற் பதிப்பிலிருந்த குறைபாட்டின் வழியே கணனிக்குக் கணனி தாவியது. இங்கிலாந்தின் அரச மருத்துவமனைகளிலும் பணிகள் தடைப்பட்டன. அக்குறைபாட்டுக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதனை நிறுவாதிருந்த கணனிகளே இரையாகின.

எனவே, பகிர்வைத் தொடங்குமுன் நாம் கவனிக்கவேண்டியவை நான்கு.

முதலாவது, முழு வட்டையும் பகிராமல், அதற்கென ஒதுக்கிய ஒரு கோப்புறையை மட்டும் பகிர்வோம்.

இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் வழங்கி, மாற்றும் உரிமையைத் தேவையானவருக்கு மட்டும் கொடுப்போம்.

மூன்றாவது, எஸ்.எம்.பி. முதற் பதிப்பை நிறுத்திவைத்து, திருத்தங்களைக் காலந்தாழ்த்தாது நிறுவுவோம். பொது இடங்களின் வைபையில் இணையும்போது பகிர்வை நிறுத்திவிடுவோம்.

நான்காவது, பகிர்வு வேறு, காப்புப்பிரதி வேறு என்பதை மறவாதிருப்போம். பகிர்ந்த கோப்பை ஒருவர் அழித்தால் அது எல்லோருக்கும் அழிந்ததே. ஆகவே, முக்கியமான கோப்புகளின் பிரதியை வேறொரு வட்டில் எடுத்து, அதனைக் கணனியிலிருந்து கழற்றி வைப்பதே பாதுகாப்பு.