மருந்துக் குப்பி

சென்ற வாரம் ஸ்காட்லாந்து மிஷனரி மேரி ஸ்லெஸர் அம்மையாரை லிவர்ப்பூல் துறைமுகத்தில், ஆப்பிரிக்கக் கரைக்குச் செல்லவேண்டிய சாராயப் பீப்பாய்கள் வரிசை வரிசையாக ஏற்றப்பட்டுக்கொண்டிருந்த 'எத்தியோப்பியா' என்னும் கப்பலின் மேல்தளத்தில் நிற்கவிட்டு வந்தோம். அது 1876-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5-ஆம் தேதி. அன்று தொடங்கிப் பன்னிரண்டு வருஷ காலம் அவர் கலபார் நதிக்கரையிலுள்ள டியூக் டவுன், ஓல்டு டவுன், கிரீக் டவுன் ஆகிய ஊர்களில் எஃபிக் மக்களிடையே பள்ளிக்கூடம் நடத்தியும், பிணியாளருக்கு மருந்து கொடுத்தும், அம்மக்களின் பாஷையை அவர்களே வியக்கும்படி பேசக் கற்றும் கழித்த கதையை விரிக்கப் போவதில்லை. அங்கே 1846-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்துப் பிரஸ்பிடேரியன் சபையாரின் மிஷன் வேரூன்றிவிட்டது. அதற்கு முதல் தூண்டுதல் ஸ்காட்லாந்திலிருந்து வந்ததன்று. அடிமைத்தளை நீங்கிய ஜமைக்காவின் கறுப்பு மக்கள், தம் மூதாதையரைப் பறிகொடுத்த கரையை நினைத்து எழுப்பிய குரலிலிருந்தே வந்தது என்பதை மட்டும் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொண்டால் போதும்.

மலேரியா ஜுரம் அவரை ஒரு முறைக்கு இரு முறை தாயகத்துக்குத் திருப்பி அனுப்பியது. ஜுரம் இறங்கியதும் அவர் மீண்டும் கப்பலேறினார். ஆனால் மிஷன் வீட்டின் வராந்தாவும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும், பிற ஐரோப்பியரோடு தேநீர் அருந்தும் மாலை வேளைகளும் அவருடைய உள்ளத்துக்கு ஒட்டவில்லை. நதிக்கு அப்பால், காட்டுக்குள், எஃபிக் மக்களும் கால் வைக்க அஞ்சிய ஒகோயோங் என்ற பிரதேசம் இருந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் வேறு இனத்தார். துப்பாக்கியையும் ஜின் மதுவையும் விலைக்கு வாங்குவதற்கு மேல் வெளியுலகத்தோடு தொடர்பு வேண்டாமென்று இருந்தவர்கள். அந்த ஜின்னும் துப்பாக்கியும் எந்தத் தேசத்துக் கப்பல்களில் வந்தன என்பதை மறந்துவிட்டு அவர்களைக் 'காட்டுமிராண்டிகள்' என்று எழுதிய பாதிரிமார்கள் பலர். அம்மையாரின் கடிதங்களிலும் அந்தக் காலத்து வெள்ளையரின் அகம்பாவம் அறவே இல்லை என்று நான் சாதிக்கமாட்டேன். எனினும், லிவர்ப்பூலில் அந்தப் பீப்பாய்களை எண்ணிப் பார்த்து, இத்தனை சாராயத்துக்கு ஒரே ஒரு மிஷனரியா என்று மனம் நொந்தவர் அவர்.

1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கிரீக் டவுன் அரசர் ஏயோ மனமுவந்து கொடுத்த ராஜ படகில், தாம் எடுத்து வளர்த்த ஐந்து குழந்தைகளோடு அவர் நதியில் மேலேறிச் சென்றார். படகை விட்டு இறங்கியபின் எகெங்கே என்ற கிராமத்துக்கு நான்கு மைல் காட்டுவழி. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கைக்குழந்தை தோளில், மற்றக் குழந்தைகள் அழுதுகொண்டே பின்னால். பொழுது சாய்ந்து ஊரை அடைந்தபோது வரவேற்க ஆளில்லை. பக்கத்து இஃபாகோ கிராமத்துத் தலைவரின் தாயார் இறந்துபோன துக்கச் சடங்குக்காக ஊரே திரண்டு சென்றிருந்தது. மூட்டை சுமப்பவர்கள் நனைந்து களைத்து, 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று படகிலேயே தங்கிவிட்டார்கள். பசித்த குழந்தைகளுக்கு உணவும் உலர்ந்த துணியும் வேண்டுமே! அம்மையார் வந்த வழியே அந்த இருட்டில் திரும்ப நடந்து, படகில் உறங்கியவர்களைத் தட்டியெழுப்பி அழைத்து வந்தார். தம் ஊழியத்தின் முதல் நாளை அவர் ஒரு பிரசங்கத்தோடு தொடங்கவில்லை.

அவருக்குக் கிடைத்த இடம் எகெங்கே தலைவர் ஈடெமின் வளவில், பெண்டிர் வாழும் முற்றத்தில் ஒரு மண் அறை. கதவு இல்லை, ஜன்னல் இல்லை. ஆடுகளும் கோழிகளும் தங்கள் உரிமையாக உள்ளே வந்து போயின. தலைவரின் மனைவியரும் அடிமைப் பெண்களும் ஓயாமல் சண்டையிட்டும் சமாதானமாகியும் அதே முற்றத்தில் இரவும் பகலும் வாழ்ந்தார்கள். டண்டி நகரத்து நெசவாலையில் பதினொரு வயதில் பாதி நாள் கூலியாகச் சேர்ந்து, ஒற்றையறை வீட்டில் குடிகாரத் தகப்பனுக்கு அஞ்சி வளர்ந்த அந்த ஏழைச் செம்மானின் மகளுக்கு, நெரிசலும் கூச்சலும் புதியவை அல்ல.

அந்த முற்றத்தில்தான் மா எமே என்ற பெண்மணியை அவர் சந்தித்தார். 'மா' என்பது மதிப்புக்குரிய பெண்டிரை அம்மக்கள் அழைக்கும் மரியாதைச் சொல். அம்மையாரையும் பின்னாளில் எல்லோரும் 'மா' என்றே அழைத்தார்கள். மா எமே தலைவர் ஈடெமின் சகோதரி, பருத்த சரீரம், இன்னொரு தலைவருக்கு வாழ்க்கைப்பட்டு விதவையானவர். அவருடைய கணவர் இறந்தபோது, அவ்வூர் வழக்கப்படி அம்மனிதரின் மனைவியர் அனைவர் மீதும் சூனியக் குற்றம் சுமத்தப்பட்டது. ஒவ்வொரு மனைவிக்கும் ஒரு கோழியின் தலை துண்டிக்கப்படும். தலையற்ற அக்கோழி துடித்துத் துடித்து எப்படி விழுகிறதோ அதைப் பார்த்து மந்திரவாதி அவள் குற்றவாளியா அல்லவா என்று தீர்ப்புச் சொல்லுவான். தமக்குரிய கோழி விழுந்த விதம் குற்றமற்றவள் என்று சொல்லியதும் மா எமே அங்கேயே மூர்ச்சையாகிவிட்டாராம். பேரறிஞர்கள் மதங்களையும் பண்பாடுகளையும் ஒப்புநோக்கி எழுதும் நூல்களில் எனக்கு விளங்காத பல விஷயங்கள் இந்த ஒரு மூர்ச்சையில் விளங்குகின்றன. தம் குலத்து வழக்கங்களை அவர் வெளிப்படையாக ஒருநாளும் பழித்ததில்லை. ஆனால் அவற்றின் கூர்மை எவ்வளவு என்பதைத் தம் கழுத்திலேயே உணர்ந்தவர்.

எகெங்கேயிலும் இஃபாகோவிலும் அம்மையார் பள்ளிக்கூடங்களைத் திறந்தார். சிறுவரும் கிழவரும், அடிமையும் உடையவனும் ஒரே திண்ணையில் அமர்ந்து எழுத்துக் கூட்டினார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டார். ஜுரத்துக்குக் குளிகை கொடுத்தார். இரட்டைப் பிள்ளைகள் பிறந்தால் அவற்றில் ஒன்று பேயின் வித்து என்று அஞ்சி, இரண்டையும் மண்பானையில் இட்டுக் காட்டில் எறிந்துவிட்டுத் தாயையும் ஊரைவிட்டுத் துரத்தும் வழக்கத்தை எதிர்த்து, அத்தகைய சிசுக்களைத் தாமே தூக்கிவந்து தம் அறையில் வளர்த்தார். செய்தி எட்டும் இடத்தில் இவற்றையெல்லாம் செய்யலாம். செய்தி எட்டாத இடத்தில் என்ன செய்வது? ஒரு அந்நியப் பெண்ணுக்குத் தெரியாமல் நடத்தவேண்டிய காரியங்களை அவளுக்குத் தெரியாமல் நடத்த ஒரு கிராமத்துக்குத் தெரியாதா!

இங்கேதான் குப்பி வருகிறது. எங்கேனும் நஞ்சுச் சோதனைக்கோ, அடிதடிக்கோ, கொலைக்கோ ஏற்பாடு நடக்கிறதென்று அறிந்தால், மா எமே ஓர் ஆளிடம் ஒரு மருந்துக் குப்பியைக் கொடுத்து அம்மையாரிடம் அனுப்புவார். 'இபோக்', அதாவது மருந்து, வேண்டுமென்று கேட்கச் சொல்லுவார். பார்ப்பவர்க்கு அது தலைவலிக்கோ வயிற்று நோவுக்கோ மருந்து கேட்கும் சாதாரண விஷயம்; தூது வருபவனுக்கும் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. குப்பியைக் கண்டதும் அம்மையார் செய்யும் வேலையைப் போட்டுவிட்டு ஆயத்தமாக இருப்பார். உண்மை வெளிப்பட்டிருந்தால் மா எமேயின் கதி என்னவாகியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

நஞ்சுச் சோதனை என்று சொன்னேனே, அதைச் சற்று விளக்கவேண்டும். எசெரே என்ற காட்டுக்கொடியின் அவரை போன்ற விதையை அரைத்து நீரில் கலந்து குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுப்பார்கள். வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி. செத்தால் சூனியக்காரன் என்பது நிரூபணம். இந்த விதைகள் மிஷனரிகளின் மூலமாக எடின்பரோ நகருக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே ராபர்ட் கிறிஸ்டிஸன் என்னும் கீர்த்திவாய்ந்த வைத்தியப் பேராசிரியர் 1855-இல் ஒரு விதையின் சிறு பகுதியைத் தாமே தின்று பார்த்து, நிலைமை கைமீறுவது கண்டு, தாம் க்ஷவரம் செய்துகொண்ட சோப்பு நீரைக் குடித்து வாந்தியெடுத்துப் பிழைத்தார்! 1864-இல் அதன் சத்து பிரித்தெடுக்கப்பட்டது. இன்றும் கண்ணழுத்த நோயின் வைத்திய வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு.

அந்த விதைகள் ஒரு நாள் ஈடெமின் வளவிலேயே அம்மிக்கு வந்தன. தலைவரின் மூத்த மகன் எதிம் கல்யாணத்துக்கு முன்னால் தனக்கென ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தான். மரக்கட்டை ஒன்று சறுக்கி அவன்மேல் விழுந்து உடலை முடமாக்கிவிட்டது. ஏறத்தாழ இரண்டு வாரம் அம்மையார் பக்கத்திலிருந்து பணிவிடை செய்தும் அவன் பிழைக்கவில்லை. வாலிபனுக்கு, அதிலும் தலைவன் மகனுக்கு, வெறும் விபத்தினால் சாவு வருமென்று ஒகோயோங்கில் எவரும் நம்பமாட்டார். மந்திரவாதி ஒரு கிராமத்தைச் சுட்டிக்காட்டினான். ஆண்களும் பெண்களுமாகப் பன்னிரண்டு பேரளவில் பிடித்துவரப்பட்டுச் சங்கிலியால் பிணைக்கப்பட்டனர்.

அம்மையார் முதலில் வாதாடவில்லை. துக்கப்பட்ட தகப்பனுக்கு வாதம் ஏறாது என்று அறிந்தவர் அவர். இறந்த மகனுக்கு இதுவரை எவருக்கும் நடவாத மரியாதை செய்யவேண்டுமென்று சொல்லி, மிஷனுக்கு வந்திருந்த நன்கொடைத் துணிகளிலிருந்து நல்லவற்றைப் பொறுக்கியெடுத்தார். பட்டுச் சுற்றி, தலைப்பாகை கட்டி, அதன்மேல் இறகுகள் செருகிய தொப்பி வைத்து, கையில் வெள்ளிப்பூணிட்ட கோல் கொடுத்து, பெரிய குடையின் கீழ் நாற்காலியில் அமர்த்தி, தன் கோலத்தைத் தானே கண்டு மகிழட்டும் என்று எதிரே ஒரு கண்ணாடியும் வைத்தார்கள். கூடியிருந்த ஜனம் கண்ட காட்சியில் மயங்கி ஆரவாரித்தது. ஜின் பீப்பாய்கள் திறக்கப்பட்டன. பிரேதத்தை அலங்கரிப்பது கிறிஸ்தவ வழக்கமா என்று கேட்கும் வைதிகர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. உயிர்களை அனுப்பித்தான் மகனுக்குக் கௌரவம் செய்யவேண்டும் என்ற எண்ணத்தை, துணியையும் குடையையும் அனுப்பிக் கௌரவம் செய்யலாம் என்று அவர் மாற்றப் பார்த்தார்; அவ்வளவே.

ஆயினும் அம்மிக்கல்லில் எசெரே விதை கிடப்பதை அவர் கண்டுவிட்டார். ஈடெமிடம் சென்று கேட்டதற்கு, குற்றமற்றவர்கள் சாகப்போவதில்லையே என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். அதன்பின் அம்மையார் கைதிகள் கிடந்த முற்றத்திலேயே நாற்காலி போட்டு அமர்ந்துவிட்டார். மிஷன் வீட்டுக்குத் தச்சு வேலை செய்ய ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்த சார்லஸ் ஓவன்ஸ் என்பவரும் அவரும் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். பகல் முழுவதும் சவப்பெட்டி செய்வதும் ஓவன்ஸின் வேலையாயிற்று. தலைவர் கர்ஜித்தார், குடிவெறியில் ஆட்கள் கத்தியைச் சுழற்றி ஆடினார்கள். கலபாரிலிருந்து இரண்டு மிஷனரிகள் வந்து மாய விளக்கின் மூலம் படங்கள் காட்டிய ஓரிரவு, சவ ஊர்வலத்தின் கௌரவம் இன்னும் ஒரு படி ஏறியதாகத் தலைவருக்குத் திருப்தி. கைதிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டனர். எதிமின் பெட்டியோடு குழிக்குள் இறங்கிய பலி ஒரு பசுமாடு மட்டுமே.

இந்தச் சம்பவத்தைச் சொல்லும் சரித்திரக்காரர்கள் அம்மையாரின் நாற்காலியைப் புகழ்கிறார்கள், புகழ வேண்டியதுதான். ஆனால் அந்த முற்றத்தில் வேரூன்றிய நாற்காலி ஒரு குப்பியின் பலத்தில் நின்றது. வெள்ளைக்காரப் பெண்ணின் தைரியத்துக்குப் பின்னால் அவருடைய நிறமும், பீரங்கி கொண்டு வரக்கூடிய ஒரு சாம்ராஜ்யத்தின் நிழலும் இருந்தன. மா எமேயின் தைரியத்துக்குப் பின்னால் அவருடைய நெஞ்சைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை. மிஷன்களை அவ்வளவாக மெச்சாத மேரி கிங்ஸ்லி என்னும் யாத்திரிகர் 1895-இல் ஒகோயோங்குக்கு வந்து அம்மையாரோடு சில நாள் தங்கிவிட்டுத் தம் புத்தகத்தில் அவரை மனமாரப் பாராட்டினார். மா எமேயைப் பாராட்டிப் புத்தகம் எழுத யாரும் வரவில்லை.

ஊழியம் தொடங்கிப் பதினைந்து வருஷங்கள் கழித்து, 1903-இல், மக்களும் சந்தையும் இடம் பெயர்ந்து சென்ற அக்பாப் கிராமத்தில் முதன்முதலாக இராப்போஜனப் பந்தி பரிமாறப்பட்டபோது, அதில் அமர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர்களில் அம்மையார் வளர்த்த பிள்ளைகளே பெரும் பகுதி. மதமாற்றக் கணக்கை மட்டும் வைத்து ஊழியத்தை அளப்பவர்களுக்கு ஒகோயோங் ஒரு தோல்வி என்று தோன்றலாம். ஆனால் அதற்குள் இரட்டைக் குழந்தைகள் உயிரோடு வளர்ந்தன. நஞ்சுச் சோதனை ஒடுங்கியது. ஒகோயோங் ஜனங்கள் பனை எண்ணெயோடு கலபார் சந்தைக்குத் துப்பாக்கி இல்லாமல் போய்வரத் தொடங்கினார்கள். மா எமே கடைசிவரையில் ஞானஸ்நானம் பெறவில்லை. அம்மையாருக்கு அது தீராத மனக்குறை.

1892-இல் ஆங்கில அரசாங்கம் அம்மையாரையே ஒகோயோங்கின் துணைத் தூதராக நியமித்து, நியாயஸ்தலத்தின் தலைமை ஆசனத்திலும் உட்கார வைத்தது. ஒரு மிஷனரி சர்க்கார் அதிகாரியாவது நன்மையா தீமையா என்பதையும், அந்த ஆசனத்தில் அவர் தீர்ப்பு வழங்கிய விசித்திரமான முறையையும் அடுத்த வாரம் பார்ப்போம்.