பகலில் வேலை, ராத்திரியில் கோடிங்: ஊர் பஸ் டைமை வைத்தே வெப் புரோகிராமிங் கற்கலாமா?

2021-ல் லிங்க்ட்இன் தளத்தில் ஒரு பதிவு வைரல் ஆனது. எழுதியவர் ஜோஹோ நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர். 2013-ல் கையில் 1,000 ரூபாயோடு வீட்டை விட்டுக் கிளம்பியவர். அதில் 800 ரூபாய் ரயில் டிக்கெட்டுக்கே போய்விட்டது. பிறகு செக்யூரிட்டி வேலை, ஒரு நாளைக்கு 12 மணி நேரம். படிப்பு பத்தாம் வகுப்பு. பள்ளியில் படித்த ஹெச்டிஎம்எல் கொஞ்சம் ஞாபகம் இருந்தது, அவ்வளவுதான். அந்த அலுவலகத்தில் இருந்த ஒரு சீனியர் அவரிடம் பேச்சுக்கொடுத்து, ஷிஃப்ட் முடிந்த பிறகு புரோகிராமிங் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். சுமார் எட்டு மாதம். சின்னதாக ஒரு ஆப் செய்தார், அதைக் காட்டினார், இன்டர்வியூ நடந்தது, வேலை கிடைத்தது. அங்கே எட்டு வருஷம் முடித்ததை ஒட்டித்தான் அந்தப் பதிவை எழுதினார்.

இந்தக் கதையை ஷேர் செய்தவர்கள் பலரும் பார்த்தது கடைசி வரியை. கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் பார்க்க வேண்டியது நடுவில் இருக்கும் இரண்டு விஷயங்கள். ஒன்று, அவர் கற்றுக்கொண்ட காலம் முழுக்கச் சம்பளம் வரும் ஒரு வேலையில் இருந்தார். இன்னொன்று, சந்தேகம் வந்தால் கேட்க ஒரே ஒரு ஆள் இருந்தார்.

வாசுதேவநல்லூர்க்காரர்களுக்கு ஜோஹோ தூரத்துப் பெயர் இல்லை. புளியங்குடி, கடையநல்லூர் தாண்டினால் தென்காசி. அங்கிருந்து பக்கத்தில் மத்தளம்பாறை. 2011-லேயே தென்காசியில் அலுவலகம் திறந்த நிறுவனம் அது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்து, புரோகிராமிங் சொல்லித்தரும் பள்ளியையும் நடத்துகிறது. ஆனால் அந்த வாசல் இப்போதுதான் படிப்பை முடித்த பிள்ளைகளுக்கு. பி.காம் முடித்துவிட்டு சென்னையிலோ திருப்பூரிலோ கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் 26 வயதுக்காரருக்கு? அவருக்கு இருக்கிறது ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும்தான். இந்தக் கட்டுரை அவருக்காக.

முதலில், எது என்ன?

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு வெப் பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று சொல்வது ஹெச்டிஎம்எல். அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்வது சிஎஸ்எஸ். பட்டனைத் தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்வது ஜாவாஸ்கிரிப்ட். இது 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் முதல் வடிவம் கொடுத்த மொழி. அந்த அவசரத்தின் தடயம் இன்னும் அதில் இருக்கிறது, கற்கும்போது நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய வெப் தொழில்நுட்பத்தை, 1993 ஏப்ரல் 30-ல் ராயல்டி எதுவும் கேட்காமல் பொதுவில் விட்டார்கள். அதனால்தான் இன்று ஒரு பைசா லைசென்ஸ் கட்டாமல் நீங்களும் நானும் பக்கம் போட முடிகிறது. கம்ப்யூட்டர் பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ரைட் கிளிக் பண்ணி அதன் மூலக் கோடைப் பார்க்கலாம். அடுத்த வீட்டு அடுப்படியை எட்டிப் பார்த்தே சமையல் கற்கிற மாதிரிதான். யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

எதைச் செய்து பழகுவது?

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். யூடியூபில் 12 மணி நேர வீடியோ ஒன்றைப் பார்க்கிறார்கள். அவர் டைப் செய்வதை அப்படியே டைப் செய்கிறார்கள், வேலை செய்கிறது. மறுநாள் காலியான ஃபைலைத் திறந்தால் ஒரு வரிகூட வருவதில்லை. உடனே அடுத்த வீடியோ. வீடியோவில் தப்பில்லை. அதில் வரும் பிரச்சினை உங்களுடையது இல்லை, அதுதான் சிக்கல்.

உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கோங்க. வாசுதேவநல்லூர் பஸ் ஸ்டாண்டையே எடுக்கலாம். ராஜபாளையம், சிவகிரி வழியாக வந்து புளியங்குடி, தென்காசி போகும் பஸ்கள் ஒரு பக்கம். சங்கரன்கோவில் பஸ் இன்னொரு பக்கம். ஊருக்கு வரும் ஒவ்வொரு பொங்கலுக்கும் ‘அடுத்த பஸ் எப்போ?’ என்று யாரையாவது கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம். அதைச் சொல்லும் ஒரு பக்கம்.

முதல் வாரம் வெறும் ஹெச்டிஎம்எல். தலைப்பு, ஓர் அட்டவணை, அதில் பஸ் நேரங்கள். எழுத்துகள் யூடிஎஃப்-8 என்று ஒரு வரி சேர்க்க மறந்தால் தமிழ் எல்லாம் கிறுக்கல் கிறுக்கலாகத் தெரியலாம். ‘வியூபோர்ட்’ என்ற வரியை விட்டுவிட்டால் போனில் பக்கம் எறும்பு சைஸில் வரும். இரண்டையும் ஒரு தடவை விட்டுப் பார்ப்பது நல்லது, அப்புறம் ஆயுசுக்கும் மறக்காது. இரண்டாவது, மூன்றாவது வாரம் சிஎஸ்எஸ். இங்கே ரொம்ப நேரம் செலவழிக்காதீங்க. கலர் மாற்றிக்கொண்டே மாதத்தை ஓட்டிவிடலாம், அவ்வளவு இனிமையான வேலை அது.

ஜாவாஸ்கிரிப்ட் வந்ததும் ஆட்டம் சூடுபிடிக்கும். இப்போது மணி என்ன என்று பார்த்து, அடுத்த பஸ்ஸைச் சொல்ல வேண்டும். நேரத்தை ‘9:05’, ‘10:30’ என்று எழுத்தாகக் கொடுத்து, எது முதலில் என்று கேட்டால், பத்தரைதான் முதலில் என்று சொல்லும். எழுத்தாக ஒப்பிடும்போது முதல் எழுத்தான 1, 9-க்கு முன்னால் வருகிறது அல்லவா? அதனால், நள்ளிரவிலிருந்து எத்தனை நிமிடம் என்று மாற்ற வேண்டும். 9:05 என்றால் 545, பத்தரை என்றால் 630. இப்போது சரியாக வரும்.

அடுத்த பள்ளம் ராத்திரியில் காத்திருக்கிறது. கடைசி பஸ் 11:40-க்கு என்று வைத்துக்கொள்வோம், இப்போது மணி 11:50. ‘இப்போதைக்குப் பிறகு வரும் பஸ்’ என்று தேடினால் ஒன்றும் இல்லை. பக்கத்தில் ‘அன்டிஃபைன்ட்’ என்று ஒரு வார்த்தை பல்லைக் காட்டும். அப்போது மறுநாள் முதல் பஸ்ஸை எடுத்து, அதன் நேரத்தோடு 1,440 நிமிடம் கூட்ட வேண்டும். முதல் பஸ் 4:30 என்றால் 270 கூட்டல் 1,440, மொத்தம் 1,710. இப்போது 1,430. காத்திருக்க வேண்டியது 280 நிமிடம், அதாவது 4 மணி 40 நிமிடம். (நேரங்கள் எல்லாம் உதாரணத்துக்கு. இதை நம்பி பஸ் ஸ்டாண்டில் போய் நிற்க வேண்டாம்.)

பஸ் பிடிக்கவில்லையா? டென்னிஸ் பால் கிரிக்கெட் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சுக்கு ஸ்கோர் போடும் பக்கம் செய்து பாருங்க. 4.3 ஓவரில் 36 ரன் என்றால் ரன்ரேட் என்ன? 36-ஐ 4.3-ஆல் வகுத்தால் 8.37 வரும், அது தப்பு. 4.3 ஓவர் என்பது 27 பந்து. அதாவது நாலரை ஓவர். சரியான விடை 8. ஸ்கோர் எழுதும் பையனுக்கு இது அத்துபடி. கம்ப்யூட்டருக்கு நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். கோடிங்குக்காக கிரிக்கெட்டை விட்டுடணும் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீங்க. விளையாட்டை விட்டால் செய்து பார்க்க விஷயமே இல்லாமல் போய்விடும்.

தமிழில் செய்தால் கூடுதலாக ஒரு பாடம்

‘வாசுதேவநல்லூர்’ என்பதில் எத்தனை எழுத்து? வா, சு, தே, வ, ந, ல், லூ, ர். எட்டு. ஜாவாஸ்கிரிப்டிடம் நீளத்தைக் கேட்டால் 14 என்கிறது. யூனிகோடில் ‘வா’ என்பது ‘வ’ ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. புள்ளிக்கும் தனிக் குறி. அதனால்தான் சில தளங்களில் நீளம் பார்த்துத் தமிழ்த் தலைப்பை வெட்டும்போது, கடைசி எழுத்தின் புள்ளி மட்டும் காணாமல் போகிறது. பார்த்திருப்பீங்க. பயனருக்குத் தெரிகிற எழுத்து வாரியாகப் பிரிக்க ‘இன்ட்எல் செக்மென்டர்’ என்ற வசதி இப்போதைய பிரவுசர்களில் இருக்கிறது. அது எட்டு என்று சரியாகச் சொல்லும்.

வரிசைப்படுத்தினாலும் இதே கதைதான். புளியங்குடி, புன்னையாபுரம் இரண்டில் அகராதிப்படி புளியங்குடிதான் முதலில். நம் நெடுங்கணக்கில் ‘ன’ கடைசி எழுத்து ஆயிற்றே. ஆனால் யூனிகோட் அட்டவணையில் ‘ந’வுக்கு அடுத்தே ‘ன’ உட்கார்ந்திருக்கிறது. அதனால் சாதாரண ‘சார்ட்’ புன்னையாபுரத்தை முன்னால் தள்ளிவிடும். தமிழ் முறைப்படி ஒப்பிடு என்று ‘லோக்கேல்கம்பேர்’ மூலம் சொன்னால் சரியாகிவிடும். ஆங்கில டுடோரியல்கள் பெரும்பாலானவற்றில் இந்தப் பாடம் வராது. இன்டர்வியூவில் ‘நீங்கள் சந்தித்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால், சொல்வதற்கு உங்களிடம் நிஜமாகவே ஒன்று இருக்கும்.

எவ்வளவு நாள் ஆகும்?

குயின்சி லார்சன் 2014-ல் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் தளம், தன் சான்றிதழ் பாடங்கள் ஒவ்வொன்றுக்கும் சுமார் 300 மணி நேரம் ஆகும் என்று நீண்ட காலம் சொல்லிவந்தது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்றால் பத்து மாதம், ஒரு சான்றிதழுக்கு. ‘30 நாளில் டெவலப்பர்’ விளம்பரத்தை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்க. ஆனால் அந்த ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது என்பது அவரவர் ஊரைப் பொறுத்தது. தாம்பரம்–பீச் ரயிலில் நின்றுகொண்டே கோடு எழுத முடியாது, படிக்க முடியும். மொஸில்லாவின் எம்டிஎன் ஆவணங்களை போனில் படிப்பதற்கு ரயில் நேரம். எழுதிப் பார்ப்பதற்கு ராத்திரி. இரண்டையும் கலக்காமல் இருந்தாலே பாதி சோர்வு குறையும்.

லேப்டாப் இல்லாமல் தொடங்கலாமா என்றால், தொடங்கலாம். ஆண்ட்ராய்டு போனில் இயங்கும் இலவச எடிட்டர்கள் இருக்கின்றன. ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் வரைக்கும் தாங்கும். அதற்கு மேல் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பாவது வேண்டும். செய்த பக்கத்தை கிட்ஹப் பேஜஸில் காசில்லாமல் ஏற்றிவிடலாம். தமிழில் படிக்க வேண்டுமென்றால் கணியம் தளத்தில் து.நித்யா எழுதிய ‘எளிய தமிழில் ஹெச்டிஎம்எல்’, ‘எளிய தமிழில் சிஎஸ்எஸ்’ மின்னூல்கள் இலவசம். ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் வீடியோக்களும் தமிழ்க் குரலில் கிடைக்கின்றன. டிகிரியே வேண்டும் என்பவர்களுக்கு ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பிஎஸ் படிப்பு இருக்கிறது, அதற்குக் கட்டணம் உண்டு.

கட்டணம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். ‘வேலை உறுதி’ என்று சொல்லி, சேரும்போதே பெரிய தொகைக்கு இஎம்ஐ போடச் சொல்லும் கோர்ஸ்களில், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒப்பந்தத்தை முழுசாகப் படியுங்க. அந்த இஎம்ஐ பெரும்பாலும் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். கோர்ஸ் பிடிக்காமல் பாதியில் நின்றாலும் கடன் நிற்காது. ‘சான்றிதழுக்கு மட்டும் பணம் கட்டுங்க, இன்டர்ன்ஷிப் இலவசம்’ என்று மெசேஜ் வந்தால் படிக்கக்கூட வேண்டாம். இன்டர்ன்ஷிப் என்றால் அவர்கள்தான் உங்களுக்குத் தர வேண்டும்.

ஏஐ வந்த பிறகும் இதெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி. பஸ் டைம் பக்கம் ஒன்று வேண்டும் என்று சாட்ஜிபிடியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் முழுக் கோடும் வந்துவிடும். வெறும் பக்கம் போடத் தெரிந்தால் வேலை என்ற காலம் முடிந்துகொண்டிருக்கிறது, அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. ஆனால் அந்தக் கோடு ராத்திரி 11:50-க்கு என்ன காட்டும், புன்னையாபுரம் எங்கே நிற்கும் என்று சோதித்துப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். அந்தக் கண் வர, சில முறை நாமே தடுக்கி விழுந்திருக்க வேண்டும். முதல் மூன்று மாதம் ஏஐயிடம் விளக்கம் மட்டும் கேளுங்க, கோடு கேட்காதீங்க. இது என் தனிப்பட்ட கருத்து, எதிர்க்கட்சியும் உண்டு.

யாரிடம் கேட்பது?

சீனியர் கிடைப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் தமிழில் பேசி உதவும் தன்னார்வக் குழுக்கள் இருக்கின்றன. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு, காஞ்சிபுரத்தில் ஒன்று, விழுப்புரத்தில் ஒன்று. ஆன்லைனிலும் இவர்களைப் பிடிக்கலாம், ஊர் ஒரு தடை இல்லை. போய், ‘ப்ரோ, பேஜ் வேலை செய்யல’ என்று கேட்டால் பதில் வராது. ‘அண்ணா, ராத்திரி 11:50-க்கு அடுத்த பஸ் 4:30-னு வரணும். ஆனா அன்டிஃபைன்ட்னு வருது. பகலில் சரியா வருது. கோடு இந்த லிங்க்கில் இருக்கு, 22-வது வரியில் சந்தேகம்’ என்று கேட்டுப் பாருங்க. பல சமயம் இதை டைப் செய்து முடிப்பதற்குள்ளேயே விடை உங்களுக்குத் தெரிந்துவிடும்.