கழுத்தில் ‘சொடக்கு’ எடுக்கலாமா? கைரோபிராக்டிக் சிகிச்சைக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

முடிவெட்டி முடிந்து, பவுடர் போட்டு, துண்டை உதறும் நேரம். ‘‘அப்படியே கழுத்துல ஒரு சொடக்கு எடுத்துவிடட்டுமா சார்?’’ என்கிறார் சலூன்காரர். பதில் சொல்வதற்குள் ஒரு கை தாடையிலும் இன்னொரு கை பின்தலையிலும் வந்துவிடுகிறது. இடப்பக்கம் ஒரு ‘டக்’, வலப்பக்கம் ஒரு ‘டக்’. ஏதோ பாரம் இறங்கியதுபோல ஒரு சுகம்.

இதே ‘டக்’ சத்தம்தான் இப்போது ‘கைரோபிராக்டிக்’ என்ற பெயரில் செல்போன் வீடியோக்களிலும் கேட்கிறது. ‘வருடக்கணக்கான கழுத்துவலி ஒரே நிமிடத்தில் போச்சு’ என்று சிலர் கண்கலங்கவும் செய்கிறார்கள். இதில் எது உண்மை, எது ஆபத்து?

கழுத்து ஏன் வலிக்கிறது?

நம் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அதைத் தாங்குபவை 7 சிறிய எலும்புகளும், அவற்றைச் சுற்றியுள்ள தசைகளும்தான். தலை நிமிர்ந்திருக்கும்வரை சிக்கல் இல்லை. குனியக் குனியக் கழுத்தின் மீதான பாரம் கூடுகிறது. நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் வெளியிட்ட கணக்கின்படி, 60 டிகிரி குனிந்து போன் பார்க்கும்போது கழுத்து தாங்குவது சுமார் 27 கிலோ!

போன், கம்ப்யூட்டர், தையல் மெஷின், மணிக்கணக்கில் டூவீலர் பயணம், உயரமான தலையணை... காரணம் எதுவானாலும் பெரும்பாலான கழுத்துவலி, தசையும் மூட்டும் களைத்துப்போவதால் வருவதுதான். இவ்வகை வலி சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். எக்ஸ்ரேயில் ‘தேய்மானம்’ என்று வந்தாலும் பதற வேண்டாம். நடுத்தர வயதைத் தாண்டினால், வலியே இல்லாத பலருக்கும் அது தெரியும்.

அந்த ‘டக்’ சத்தம் என்ன?

விலகிய எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. மூட்டுகளுக்குள் வழவழப்பான திரவம் இருக்கிறது. மூட்டு சட்டென இழுபடும்போது அழுத்தம் குறைந்து, திரவத்தில் ஒரு வாயு வெற்றிடம் உண்டாகிறது. அப்போது எழும் சத்தம்தான் அது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் விரல் மூட்டுகளை எம்.ஆர்.ஐ. மூலம் படம்பிடித்து இதைக் காட்டினார்கள். சத்தம் வந்தால் வலி குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

கைரோபிராக்டிக் பலன் தருமா?

1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி.பாமர் என்பவர் தொடங்கிய முறை இது. முதுகெலும்பு சரியாக இருந்தால் எல்லா நோயும் தீரும் என்ற அவருடைய கருத்தை நவீன மருத்துவம் ஏற்கவில்லை. ஆனால், கழுத்துவலிக்கு இது ஓரளவு பலன் தருகிறது.

அமெரிக்காவில் 272 பேரிடம் நடத்தப்பட்டு 2012-ல் வெளியான ஆய்வு ஒன்றில், மாத்திரை எடுத்தவர்களைவிட கைரோபிராக்டிக் சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. அதே ஆய்வில் மூன்றாவதாக ஒரு குழுவும் இருந்தது. அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது வீட்டிலேயே செய்யும் எளிய உடற்பயிற்சிகள் மட்டும்தான். அவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு பலன் கிடைத்தது!

ஆபத்து எங்கே?

மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுசெல்லும் இரண்டு ரத்தக்குழாய்கள், கழுத்து எலும்புகளில் உள்ள துளைகள் வழியாகத்தான் மேலே போகின்றன. கழுத்தை வேகமாகத் திருகும்போது அவற்றின் உட்சுவர் கிழியலாம். அங்கே ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். இது அரிதுதான். ஆனால், நடந்துவிட்டால் விளைவு பெரிது. சிலருக்கு ஏற்கெனவே ஏற்பட்ட கிழிசலின் அறிகுறியே கழுத்துவலியாக இருக்கும். பரிசோதிக்காமல் திருகினால் நிலைமை மோசமாகிவிடும்.

எலும்பு பலவீனம், முடக்குவாதம் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கழுத்தில் அடிபட்டவர்கள் யாரிடமும் கழுத்தைத் திருகக் கொடுக்கக் கூடாது.

அமெரிக்கா போன்ற நாடுகளில் கைரோபிராக்டிக் பல ஆண்டுப் படிப்பு, உரிமமும் வேண்டும். இந்தியாவில் இதற்கெனத் தனி கவுன்சில் இல்லை. எனவே, சிகிச்சை தருபவர் என்ன படித்தார், எங்கே படித்தார் என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். முதலில் மருத்துவரிடம் காட்டி, தகுதிபெற்ற பிசியோதெரபிஸ்ட்டை அணுகுவது பாதுகாப்பான வழி.

உடனே டாக்டரைப் பார்க்க வேண்டியது எப்போது?

* கை மரத்துப்போதல், பிடிமானம் குறைதல்
* நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல்
* காய்ச்சலுடன் கழுத்து விறைத்தல்
* நெஞ்சு, தாடை, இடது கை வரை பரவும் வலி
* இதுவரை இல்லாத கடுமையான தலைவலி, தலைசுற்றல், பேச்சுக் குளறல், பார்வை இரண்டாகத் தெரிதல்

கடைசி இரண்டில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வீட்டிலேயே செய்யலாம்

நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையை நேராகப் பின்னுக்கு இழுத்து 5 நொடி வையுங்கள். தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்து 5 நொடி வையுங்கள். தலையை மெதுவாக இருபக்கமும் திருப்புங்கள். ஒவ்வொன்றும் 10 முறை, தினமும் இரண்டு மூன்று வேளை. வலித்தால் நிறுத்திவிடுங்கள். இதமான வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். போனைக் கண்ணுக்கு நேராக உயர்த்திப் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

அடுத்த முறை சலூன் நாற்காலியில் அந்தக் கை தாடைக்கு வரும்போது, சிரித்தபடியே சொல்லிவிடுங்கள்: ‘‘முடியை மட்டும் வெட்டுங்கண்ணே... கழுத்தை நான் பாத்துக்கறேன்!’’