கிளம்ஸியா, ஆக்வர்டா?

சர்வரின் கை பட்டு டம்ளர் சாய்ந்து, மேசையெல்லாம் காபி. அந்தக் கை 'கிளம்ஸி'. அதன்பிறகு அவரும் பேசவில்லை, சாப்பிட வந்தவரும் பேசவில்லை. எங்கே பார்ப்பதென்று இருவருக்குமே தெரியவில்லை. அந்த மௌனம் 'ஆக்வர்ட்'. நம் அகராதிகள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் போடுகின்றன. ஆனால் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் யாரும் 'கிளம்ஸி சைலன்ஸ்' என்று சொல்ல மாட்டார்.

இந்தச் சொற்களைப் பிரித்தறிய ஒரே கேள்வி போதும்: கோளாறு எங்கே இருக்கிறது?

கிளம்ஸி என்றால் கை கால்களில். குளிரில் விறைத்துப் போவதைக் குறித்த பழைய வினைச்சொல் ஒன்றிலிருந்து வந்தது இது. விறைத்த விரலில் எந்தப் பொருள் நிற்கும்? கண்ணாடிச் சாமானைக் கை தவறிப் போடுபவர், போகிற வழியில் நாற்காலியில் இடித்துக்கொள்பவர் எல்லாம் இந்தக் கணக்கு. கை சம்பந்தப்படாத இடத்துக்கும் இது நீளும். கிளம்ஸியாக மன்னிப்புக் கேட்டார் என்றால், மனதில் குறையில்லை, கேட்ட விதத்தில் பக்குவம் போதவில்லை என்று அர்த்தம்.

ஆக்வர்ட் இன்னும் அகலமானது, நாம் அதிகம் தடுமாறுவதும் இதில்தான். 'ஆக்' என்பது தவறான பக்கம் திரும்பியதைக் குறித்த பழஞ்சொல். 'வர்ட்' என்பது ஃபார்வர்ட், பேக்வர்ட் ஆகியவற்றில் வரும் அதே திசை ஒட்டு. ஆக, எதுவோ எதனோடோ பொருந்தாமல் நிற்கிறது. குறுகலான மாடிப்படியில் ஏற்ற முடியாத சோபா ஆக்வர்ட். அதில் யார் மேலும் தப்பில்லை. வேண்டாத நேரத்தில் வந்த விருந்தாளி, பதில் சொல்ல முடியாத கேள்வி, பழைய காதலர்கள் ஒரே லிஃப்டில் மாட்டிக்கொள்வது எல்லாமே ஆக்வர்ட்தான். நாம் தர்மசங்கடம் என்று சொல்லும் பல இடங்களில் இந்தச் சொல் அப்படியே உட்காரும். அமெரிக்க ஆசிரியர்கள் கட்டுரை திருத்தும்போது ஓட்டமில்லாத வாக்கியத்தின் ஓரத்தில் 'ஆக்' என்று சுருக்கி எழுதுவது வழக்கம்.

உடலின் தோற்றத்தையும் அசைவையும் சொல்ல 'அன்கெய்ன்லி' இருக்கிறது. வானத்தில் அத்தனை கம்பீரமாக மிதக்கும் அல்பட்ராஸ், தரையில் நடக்கும்போது அன்கெய்ன்லி. திடீரென்று நெடுநெடுவென வளர்ந்து, கைகால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கும் பதின்வயதுப் பையனுக்கு 'காக்கி' என்று ஒரு சொல். சீருடைத் துணியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

'கோஷ்' வேறு தளம். கோஷ் ஆனவரின் கையிலிருந்து எதுவும் விழாது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் சொத்து எவ்வளவு என்று கேட்பார், அவ்வளவுதான், நாசூக்கு தெரியாதவர். பிரெஞ்சில் கோஷ் என்றால் இடது. மனிதர்களையும் விவகாரங்களையும் கையாளத் தெரியாததைச் சொல்லும் 'மாலட்ராய்ட்' என்ற சொல்லுக்குள்ளும் பிரெஞ்சின் வலதுபக்கம் திறமை என்ற பொருளில் ஒளிந்திருக்கிறது. இடது கைக்காரர்களுக்கு மொழிகள் செய்த அநியாயம் இது. பீச்சாங்கை என்று சொல்லும் நாமும் அதில் சேர்த்தி.

மிகவும் யோசித்து எடுக்க வேண்டிய சொல் 'இனெப்ட்'. பொருந்தாத என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த இது, ஒருவருக்குத் தன் வேலையே தெரியவில்லை என்கிறது. சக ஊழியரின் அறிக்கையை கிளம்ஸி என்று எழுதினால் திருத்திக் கொடுப்பார். அவரையே இனெப்ட் என்று எழுதினால் அவருடைய தகுதியில் கை வைக்கிறீர்கள். அலுவலக மின்னஞ்சலில் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

செல்லமாகச் சொல்லவும் சொற்கள் உண்டு. கேட்சை நழுவவிடுபவர் 'பட்டர்ஃபிங்கர்ஸ்'. சார்லஸ் டிக்கன்ஸின் பிக்விக் பேப்பர்ஸ் நாவலில் வரும் கிரிக்கெட் ஆட்டத்திலேயே இந்த வசவு இருக்கிறது. அமெரிக்கர்கள் சொல்லும் 'கிளட்ஸ்' மரக்கட்டை என்ற பொருளில் யூதர்களின் யிட்டிஷ் மொழியிலிருந்து வந்தது.

ஆனால் குழந்தைகள் விஷயத்தில் எந்தச் சொல்லுமே செல்லமில்லை. கை கால் ஒத்துழைக்காத பிள்ளைகளின் நிலையை மருத்துவர்களே ஒருகாலத்தில் 'கிளம்ஸி சைல்ட் சிண்ட்ரோம்' என்றார்கள். 1987-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு அதை 'டெவலப்மென்டல் கோஆர்டினேஷன் டிஸ்ஆர்டர்' என்று வகைப்படுத்தியது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 6 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். உங்கள் பிள்ளை பொத்தான் போடவும், பென்சில் பிடிக்கவும், பந்து பிடிக்கவும் சம வயதுப் பிள்ளைகளைவிட மிகவும் திணறினால், கிளம்ஸி என்று பெயர் வைக்காமல் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பயிற்சி கொடுத்தால் அந்தத் திணறலைப் பெருமளவு குறைக்கலாம்.